பிடியும் விடுதலும்: ஜியு-ஜிட்சு கேள்வி பதில்

பிரேசிலியன் ஜியு-ஜிட்சு பயிலும் டெல்டா மாவட்ட வாசகர்கள் எழுதியுள்ள கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. வகுப்பில் மாஸ்டர் சொல்லிக்கொடுக்கும் நுட்பம் புரிகிறது. ஆனால் வகுப்பின் கடைசிப் பகுதியில், 'ரோலிங்' என்றும் 'ஸ்பாரிங்' என்றும் சொல்லப்படும் பயிற்சிச் சண்டை தொடங்கியதும் என்ன செய்வது, எவ்வளவு செய்வது, எங்கே நிறுத்துவது என்பது பலருக்கும் பிடிபடவில்லை. குத்தும் உதையும் இல்லாமல், எதிராளியைப் பிடித்து வீழ்த்தி, தரையில் அடக்கி, மூட்டையோ கழுத்தையோ பூட்டிப் பணியவைக்கும் கலை இது. அதனால்தான், உண்மையாகவே எதிர்க்கும் ஓர் ஆளோடு அன்றாடம் பழக முடிகிறது. அதே காரணத்தால்தான், பழகும் முறை தெரியாதவர் ஒரே மாலையில் நண்பரின் முழங்காலைப் பல மாதங்களுக்குக் கெடுத்துவிடவும் முடிகிறது.

கேள்வி: நான்கு மாதமாகப் பயில்கிறேன். ஸ்பாரிங் தொடங்கிய இரண்டாவது நிமிடத்திலேயே மூச்சு வாங்கிவிடுகிறது. அதன்பின் யார் வந்தாலும் என்மேல் ஏறி அமர்ந்துவிடுகிறார்கள். தினமும் ஓட்டப் பயிற்சி செய்தால் சரியாகுமா?
– கல்லூரி மாணவர், கும்பகோணம்

ஓடுவது நல்லதுதான், ஆனால் உங்கள் சிக்கல் நுரையீரலில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. புதிதாக வருபவர்கள் பிடித்த பிடியை எல்லாம் இறுக்கமாகப் பிடிக்கிறார்கள், பல்லைக் கடிக்கிறார்கள், மூச்சை அடக்குகிறார்கள், கீழே அகப்பட்டவுடன் மேலே இருப்பவரை இரு கைகளாலும் நேராகத் தள்ளுகிறார்கள். மதகை ஒரேயடியாகத் திறந்துவிட்டுக் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையே என்று வருந்துவதைப் போன்றதுதான் இது. மூக்கால் மூச்சு விட முடிகிற அளவுக்கு மட்டுமே வேகம் என்று சில வாரங்கள் உங்களுக்கு நீங்களே ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். வாயைத் திறக்க வேண்டிய நிலை வந்தால், அந்த இடத்தில் நுட்பத்துக்குப் பதிலாகத் தசை வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

இரண்டாவதாக, எந்த நிலை யாருக்குச் சாதகம் என்ற வரிசை மனத்தில் பதிய வேண்டும். சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சுக் கூட்டமைப்பின் போட்டி விதிகள் இந்த வரிசையை எண்களாகவே எழுதி வைத்திருக்கின்றன: எதிராளியை வீழ்த்தினாலும், கீழிருந்து புரட்டி மேலே வந்தாலும், முழங்காலை வயிற்றில் ஊன்றி அடக்கினாலும் 2 புள்ளி, அவருடைய கால்களின் தடுப்பைத் தாண்டிப் பக்கவாட்டில் அடக்கினால் 3, மார்பின்மேல் அமரும் மவுண்ட்டுக்கும், முதுகைப் பிடித்து இரு கால்களையும் உள்ளே கொக்கியாக மாட்டுவதற்கும் 4. நிலையை அடைந்தவுடன் புள்ளி கிடைப்பதில்லை. 3 விநாடி அதை நிலைநிறுத்த வேண்டும். பயிற்சியில் யாரும் புள்ளி எண்ணப்போவதில்லை. ஆனாலும், 'நான் இப்போது இருக்கும் இடம் எது, இதைவிட ஒரு படி மேலான இடம் எது' என்று கேட்டுக்கொள்பவர் தலைகால் தெரியாமல் புரளமாட்டார்.

உங்கள் கடிதத்தில் பக்கவாட்டு அடக்குதலில், அதாவது சைடு கண்ட்ரோலில், நெடுநேரம் சிக்கிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம். மல்லாந்து இரு தோள்களும் மேட்டில், அதாவது பயிற்சி விரிப்பில், பதியக் கிடந்தால் நீங்கள் ஏற்கெனவே பாதி தோற்றுவிட்டீர்கள். எப்பாடுபட்டாவது அவர் பக்கமாகச் சற்று ஒருக்களித்துக்கொள்ளுங்கள். ஒரு முன்கையை அவருடைய கழுத்துக்கும் தாடைக்கும் குறுக்காகவும், மறு முன்கையை அவருடைய இடுப்பெலும்பை ஒட்டியும் வைத்து, முழங்கைகளை உங்கள் விலாவோடு நெருக்கி வைத்துக்கொள்ளுங்கள். கையை நீட்டி அவரைத் தூக்க முயலாதீர்கள். நீட்டிய கை அவருக்கு நீங்களே எடுத்துக் கொடுக்கும் ஆர்ம்பார், அதாவது முழங்கைப் பூட்டு. கையின் வேலை, அவர் மேலும் நெருங்காதபடி இடைவெளியைக் காப்பது மட்டுமே. நகர வேண்டியது உங்கள் இடுப்பு. குதிகால்களை ஊன்றி இடுப்பை உயர்த்தினால் அவருடைய எடை ஒரு கணம் முன்னால் சாயும். அது திரும்பி வருவதற்குள் இடுப்பைப் பின்னுக்கு இழுத்து, கிடைத்த இடைவெளியில் கீழ் முழங்காலை உள்ளே நுழைத்துவிடுங்கள். முழங்கால் உள்ளே வந்துவிட்டால் அவருடைய எடையை உங்கள் எலும்பு தாங்கும், கைக்கு ஓய்வு கிடைக்கும், அங்கிருந்து மறு காலையும் கொண்டுவந்து, கால்களால் அவரைத் தடுத்து நிறுத்தும் கார்டு நிலைக்குத் திரும்பலாம். ஒரே முயற்சியில் இது நடக்காது. மூன்று நான்கு சிறு அசைவுகளாக நடக்கும், ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு விட நேரமும் இருக்கும்.

இதை முழு ஸ்பாரிங்கில் பழகுவது மெதுவான வழி. வகுப்புக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்து, நம்பிக்கையான ஒருவரிடம், "சைடு கண்ட்ரோலில் இருந்தே தொடங்கலாம், நான் வெளியே வந்தாலோ நீங்கள் பூட்டிவிட்டாலோ மறுபடியும் அங்கிருந்தே" என்று கேளுங்கள். தோற்ற நிலையிலிருந்தே தொடங்குவதால் தோற்றுவிடுவோமோ என்ற பயத்துக்கு அதில் இடமில்லை.

கேள்வி: நான் பத்து வருடமாகக் கபடி ஆடுகிறவன். ஜியு-ஜிட்சு சேர்ந்து சில மாதங்களே ஆனாலும் எனக்கு முந்திச் சேர்ந்தவர்களையும் கீழே தள்ளி அமுக்கிவிடுகிறேன். ஆனால் ஜோடி சேரச் சொல்லும்போது எல்லோரும் வேறு பக்கம் பார்க்கிறார்கள். பொறாமையா?
– மன்னார்குடி வாசகர்

பொறாமை இல்லை, பயம். அதுவும் நியாயமான பயம் என்றே நினைக்கிறேன்.

கபடி உங்களுக்குக் கொடுத்திருப்பது சாதாரணச் சொத்தல்ல. தாழ்ந்து பாயும் கால், கணுக்காலையும் தொடையையும் பிடித்தால் விடாத கை, தயக்கமில்லாத முதல் அசைவு ஆகிய மூன்றையும் பெற மற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் பாடுபடுகிறார்கள். ஆனால் கபடியில் ஒரு ரெய்டு 30 விநாடிதான். அந்த 30 விநாடிக்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். பிடிபட்டவரைக் கோட்டைத் தொடவிடாமல் தடுத்துவிட்டால் வேலை முடிந்தது. இங்கே, பிடித்தபின்தான் வேலையே தொடங்குகிறது. தொடக்கநிலையினரின் வெள்ளை பெல்ட் போட்டி 5 நிமிடம், உச்சநிலையினரின் கறுப்பு பெல்ட் போட்டி 10 நிமிடம் என்று விதி நேரம் ஒதுக்கியிருப்பதும் அதனால்தான். அமுக்கிப் பிடித்தபின் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைக் கடிதத்தில் எழுதவே இல்லை. அடுத்த படி தெரியாததால் இன்னும் பலமாக அமுக்குகிறீர்கள் என்றே ஊகிக்கிறேன். முரட்டுத்தனம் என்று மேட்டில் சொல்லப்படுவது பெரும்பாலும் கெட்ட எண்ணமன்று, நுட்பம் தீர்ந்துபோன இடத்தில் வலு உள்ளே புகுவதுதான். எனவே ஒழுக்கத்தை ஒரு பக்கமும் நுட்பத்தை ஒரு பக்கமும் வைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒன்றைச் சரிசெய்தால் மற்றதும் பெருமளவு சரியாகிவிடும்.

இரண்டு காரியங்களை உடனே நிறுத்துங்கள். நின்ற நிலையில் எதிராளியின் கால்களுக்குக் குறுக்கே உங்கள் இரு கால்களையும் கத்தரிபோல் வீசி வீழ்த்துவது ஜியு-ஜிட்சுப் போட்டிகளில் தடைசெய்யப்பட்டது. உங்கள் முழு எடையும் பக்கவாட்டில் அவர் முழங்காலின்மேல் விழுந்தால் தசைநார்கள் அறுந்துவிடும். கபடியிலும் ரெய்டரைக் கால்களால் கத்தரிபோட்டு மடக்குவது தவறு என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். அடுத்தது, கால்களால் உங்களைப் பின்னிக்கொண்டிருப்பவரை அப்படியே தூக்கி மேட்டில் அடிப்பது. 'ஸ்லாம்' எனப்படும் இதைச் செய்தால் போட்டியில் நேராக வெளியேற்றப்படுவீர்கள்.

இனிச் செய்ய வேண்டியது. அடுத்த சில வாரங்களுக்கு, உங்களைவிட எடை குறைந்தவரோடு ஆடும்போது கீழ்நிலையிலிருந்தே தொடங்குங்கள்; மேலே வருவதற்கு உங்கள் பாய்ச்சல் பயன்படாத இடம் அது, கார்டு என்ன என்பதை அங்குதான் கற்பீர்கள். மேலே இருக்கும்போது எடையை ஒரே இடத்தில் இறக்கிவிட்டு அசையாமல் கிடக்காமல், சைடு கண்ட்ரோல், முழங்கால் ஊன்றல், மவுண்ட் என்று மாறிக்கொண்டே இருங்கள். ஆடி முடித்ததும், "அதிகமாக அழுத்தினேனா?" என்று கேளுங்கள். "பரவாயில்லை அண்ணே" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னால், அழுத்தியிருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்த நேரத்தில் டேப் செய்வது, அதாவது தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டுவது? சீக்கிரம் தட்டினால் பயந்தாங்கொள்ளி என்று சிரிக்கிறார்கள்.
– மயிலாடுதுறை வாசகர்

இந்தக் கலையின் வரலாற்றிலேயே மிகவும் பேசப்படும் தோல்வி ஒன்று இருக்கிறது. 1951ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில், ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, ஜியு-ஜிட்சுவை வளர்த்தெடுத்தவர்களில் ஒருவரான ஹீலியோ கிரேஸியின் கையை முதுகுப்புறமாக முறுக்கிப் பூட்டினார். கை முறிந்தது, ஹீலியோ தட்டவில்லை, அவர் தரப்பினர் துண்டை எறிந்து சண்டையை நிறுத்தினார்கள். அந்தப் பூட்டுக்கு இன்றும் கிமுரா என்றுதான் பெயர். அது அரங்கம் நிறைந்த சவால் சண்டை. செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பில், நாளைக் காலை அலுவலகத்துக்கோ வயலுக்கோ போக வேண்டியவர் அந்தப் பிடிவாதத்தைப் பின்பற்ற ஒரு காரணமும் இல்லை.

எப்போது தட்டுவது என்பது பூட்டைப் பொறுத்தது. முழங்கைப் பூட்டில் கை முழுவதும் நீண்டு, கட்டை விரல் மேல்நோக்கி, உங்கள் முழங்கை அவர் இடுப்புக்கு மேலே வந்துவிட்டது, தப்பும் வழியும் தெரியவில்லை என்றால், வலிக்காகக் காத்திருக்காமல் தட்டிவிடுங்கள். கழுத்துப் பூட்டு வேறு வகை. சரியாகப் போட்ட சோக் மூச்சுக்குழாயை நசுக்குவதில்லை. கழுத்தின் இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளை அழுத்துகிறது. வலி அதிகம் இருக்காது, மூச்சும் வந்துகொண்டிருக்கும், ஆனால் பத்து விநாடி அளவிலேயே நினைவு தப்பலாம். காதில் இரைச்சல், கண்ணின் ஓரங்களில் இருள், முகம் வீங்குவது போன்ற உணர்வு ஆகியவற்றில் எது வந்தாலும் தட்டுங்கள். குதிகாலைத் திருகும் ஹீல் ஹூக் எல்லாவற்றையும்விட வஞ்சகமானது. திருகுவது குதிகாலை என்றாலும் கிழிவது முழங்கால் தசைநார், அதுவும் வலி தெரிவதற்கு முன்பே. அதனால்தான் கி எனப்படும் கனமான பயிற்சி உடை அணிந்து ஆடும் போட்டிகளில் எந்த நிலையினருக்கும் அதற்கு அனுமதியில்லை. கி இல்லாத போட்டிகளில் பழுப்பு, கறுப்பு பெல்ட் அணிந்த பெரியவர்களுக்கு மட்டும் 2021 முதல் அனுமதிக்கப்படுகிறது. உங்கள் நிலையில் யாராவது அந்தப் பிடியை எடுத்தாலே தட்டிவிட்டு, அது இங்கே வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தட்டுவது எதிராளிக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். அவருடைய உடம்பில் இரண்டு மூன்று முறை அழுத்தமாகத் தட்டுவதே சிறந்தது. மேட்டில் தட்டும் ஓசை மின்விசிறிச் சத்தத்தில் கேட்காமல் போகலாம். இரு கைகளும் சிக்கியிருந்தால் காலால் மேட்டை அடியுங்கள், 'டேப்' என்று கத்துங்கள். வலியில் எழும் எந்தக் கூச்சலும் போட்டி விதிப்படியே தோல்வியாகக் கொள்ளப்படுகிறது என்பதால், பயிற்சியிலும் "ஆ" என்ற ஒலி கேட்டவுடன் விட்டுவிட வேண்டும்.

பூட்டுகிறவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் பொறுப்பில் பெரிய பங்கு அவருடையது. பிடியை அமைக்கும் வரை வேகமாக இருக்கலாம். அமைந்தபின் கடைசி அழுத்தத்தை, எதிரிலிருப்பவர் நிலைமையைப் புரிந்துகொண்டு தட்டுவதற்கு நேரம் இருக்கும்படி, சீராகவும் மெதுவாகவும் கொடுக்க வேண்டும். கை நீண்டுவிட்டது, இடுப்பும் சரியான இடத்தில் இருக்கிறது, ஆனால் அவர் வீம்பாகத் தட்டாமல் இருக்கிறார் என்றால், விட்டுவிட்டு அடுத்த நிலைக்குப் போய்விடுங்கள். பிடி விழுந்தது உங்கள் இருவருக்கும் தெரியும், அது போதும்.

எவராவது நினைவிழந்துவிட்டால் உடனே பிடியை விட்டு, மல்லாந்து படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள். முகத்தில் தண்ணீர் அடிப்பது, கன்னத்தில் அறைவது, தூக்கி உட்காரவைப்பது எதுவும் வேண்டாம். பெரும்பாலும் சில விநாடிகளில் விழித்துவிடுவார். கைகால் சற்று உதறுவதும், எங்கே இருக்கிறோம் என்று விழிப்பதும் உண்டு. அன்றைக்கு அவருக்குப் பயிற்சி முடிந்தது. அரை நிமிடத்தில் தெளியவில்லை என்றாலோ, தெளிந்தபின் பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், கடும் தலைவலி என ஏதாவது இருந்தாலோ 108ஐ அழையுங்கள்.

கேள்வி: எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். சில ஆண்கள் தொடவே தயங்கிப் பொம்மைபோல் படுத்துவிடுகிறார்கள். சிலர் ஒரு பெண்ணிடம் தோற்கக் கூடாது என்று மூர்க்கமாகிறார்கள். நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
– அரசு ஊழியர், திருவாரூர்

நீங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைவிட, அவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி. ஆனாலும் உங்கள் கையில் இருப்பவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

யாரோடு ஆடுவது என்பது உங்கள் விருப்பம். "இல்லை, இந்தச் சுற்று வேண்டாம்" என்று சொல்லக் காரணம் எதுவும் கூற வேண்டியதில்லை. இது ஆண்களுக்கும் பொருந்தும். புதிதாகச் சேர்ந்த வலுவான வெள்ளை பெல்ட்டைவிட, நீலமோ ஊதாவோ அணிந்த அனுபவசாலி உங்களைவிட முப்பது கிலோ கூடுதலாக இருந்தாலும் பாதுகாப்பானவர். எடையை எங்கே இறக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். கை தட்டித் தொடங்குவதற்கு முன்பே, "மெதுவாகப் போகலாம், ஆனால் உண்மையாக எதிர்க்க வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். ஒரே வாக்கியத்தில் இரு தரப்பு ஆண்களுக்கும் பதில் கிடைத்துவிடும். கிக்கு உள்ளே உடலோடு ஒட்டிய ராஷ் கார்டு என்னும் சட்டை அணிவது போட்டிகளில் பெண்களுக்குக் கட்டாயம். பயிற்சியிலும் அதுவே வசதி.

ஆண்களுக்கு: படுத்துக்கொடுப்பது மரியாதையன்று, அவருடைய பயிற்சி நேரத்தைத் திருடுவது. உங்கள் வலுவைக் குறையுங்கள், நுட்பத்தைக் குறைக்காதீர்கள். கார்டை முறையாகத் தாண்டுங்கள், மவுண்ட்டில் முறையாக அமருங்கள், அவர் முறையாக வெளியேறினால் வெளியேற விடுங்கள். மேல்சட்டையின் கழுத்துப்பட்டையைப் பிடிக்கும்போது கை தவறிப் படுவது நடக்கக்கூடியது. "சாரி" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பிடியை மாற்றிக்கொண்டு தொடருங்கள். அதையே பெரிய மன்னிப்புப் படலமாக்கினால் அவருக்குத்தான் சங்கடம்.

திரும்பத் திரும்ப நடப்பது தவறுதலன்று. அந்த ஆளோடு மறுபடி ஆடாதீர்கள், மாஸ்டரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். அவர் அதைச் சிரித்து மழுப்பினால், அந்தப் பள்ளியை விட்டு வெளியேறுவதில் தயக்கம் வேண்டாம். தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ வாரம் ஒரு முறை போய்ப் பயில நேர்ந்தாலும் அது மேல்.

கேள்வி: எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குப் படர்தாமரை. இதற்கும் ஸ்பாரிங் ஒழுக்கத்துக்கும் தொடர்பு உண்டா?
– பட்டுக்கோட்டை வாசகர்

வணக்கம் சொல்வதைவிட நெருங்கிய தொடர்பு உண்டு. பூஞ்சையால் வருவது படர்தாமரை. தோலோடு தோல் உரசும் எந்த விளையாட்டிலும் பரவும். நம் பகுதியின் புழுக்கம் அதற்குத் தீனி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கனமான கி இரண்டு நாள் ஆனாலும் காய்வதில்லை, பலரும் அரை ஈரத்தோடு அதையே மறுபடி மாட்டிக்கொண்டு வருகிறார்கள். நாற்றத்தை மட்டும் சகித்துக்கொண்டால் போதுமென்றால் பரவாயில்லை. இரண்டு கி வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் மழைக்காலத்தில் சீக்கிரம் காயும் ராஷ் கார்டும் அரைக்கால் சட்டையும் போட்டு கி இல்லாமல் பயிலலாமா என்று மாஸ்டரிடம் கேளுங்கள். பெல்ட்டையும் துவைக்க வேண்டும். துவைத்தால் அனுபவம் கரைந்துபோகும் என்ற நம்பிக்கை வேடிக்கையானது.

வட்டமாக, ஓரம் சிவந்து, அரிக்கும் தடிப்பு தெரிந்தால் அன்றே ஸ்பாரிங்கிலிருந்து விலகிக்கொள்ளுங்கள். துணியால் மூடிக்கொண்டு ஆடுவது ஏமாற்று வேலை. மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டே நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்குவதால் குணமானதாகத் தோன்றும், பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டிருக்கும், பிறகு வழக்கமான மருந்துக்கும் எளிதில் மசியாது. தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் காலம் முழுவதும் மருந்தை எடுத்துக்கொண்டு, அவர் சரி என்றபின் வாருங்கள்.

நகத்தை ஒட்ட வெட்டுவதும், கழிப்பறைக்குச் செருப்பணிந்து சென்று மேட்டுக்கு வெளியே கழற்றுவதும், வகுப்பு முடிந்தவுடன் சோப்புப் போட்டுக் குளிப்பதும் தெரிந்தவைதான். ஒவ்வொரு வகுப்புக்குப் பின்னும் மேட்டைக் கிருமிநாசினியால் துடைப்பது மாஸ்டரின் கடமை. மாணவர் ஒரு துணியை எடுத்துக்கொண்டு உதவிக்குப் போனால் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

கேள்வி: ஸ்பாரிங் நடுவிலேயே, "கையை இங்கே வை, காலை அங்கே வை" என்று பாடம் நடத்தும் நண்பரை என்ன செய்வது? அவரும் வெள்ளை பெல்ட்தான்.
– தஞ்சாவூர் வாசகர்

"முடித்துவிட்டுப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள். கேட்காத பாடம் பெரும்பாலும், தான் பூட்டப்படப்போகும் நேரத்தில்தான் ஆரம்பிக்கும் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

கேள்வி: கறுப்பு பெல்ட் அணிந்தவரை நானே ஸ்பாரிங்குக்கு அழைக்கலாமா?
– நாகப்பட்டினம் வாசகர்

பள்ளிக்குப் பள்ளி வழக்கம் மாறும். கீழ்நிலையினர் அழைக்கக் கூடாது என்பது சில இடங்களில் பழைய நடைமுறை. இன்று பல இடங்களில் தாராளமாகக் கேட்கலாம். "மாஸ்டர், ஒரு சுற்றுப் பழகலாமா?" என்று கேட்டு, அவர் மறுத்தால் மனத்தில் வைத்துக்கொள்ளாமல் நகர்ந்துவிடுங்கள். ஒன்று மட்டும் எல்லா இடத்திலும் பொது: இரண்டு ஜோடிகள் உருண்டு நெருங்கிவிட்டால், கீழ்நிலை பெல்ட் ஜோடி நிறுத்தி இடம் விட வேண்டும்.

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. முழங்கால், கழுத்து என்று படிக்கவே அச்சமாக இருக்கிறது. சேர்க்கலாமா?
– ஒரு தந்தை, திருவையாறு

சேர்க்கலாம், வகுப்பை நேரில் உட்கார்ந்து பார்த்தபின். குழந்தைகளுக்கான விதிகள் வேறு: 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கால் பூட்டுகள் அறவே கிடையாது, நீல பெல்ட்டும் 16 வயதில்தான், அதுவரை சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று தனி வரிசை உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது, ஒரு குழந்தை தட்டியதும் மற்றது எவ்வளவு விரைவாக விடுகிறது, விடாத குழந்தையை மாஸ்டர் என்ன செய்கிறார் என்பதை. ஓரத்தில் நின்று "விடாதடா, அமுக்குடா" என்று கத்தும் பெற்றோரை அந்த மாஸ்டர் வெளியே அனுப்புகிறவராக இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: நம் பழைய மற்போருக்கும் இதற்கும் உறவு உண்டா?
– தமிழாசிரியர், கும்பகோணம்

நேரடி வழி மரபு இல்லை. ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் தொடங்கிய கோடோகான் ஜூடோ பள்ளியின் மாணவர் மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசில் சென்றார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேஸியும் அவருடைய தம்பி ஹீலியோவும் தரைச் சண்டையை விரித்து வளர்த்தார்கள். 1993இல் அமெரிக்காவின் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி. கலப்புச் சண்டைப் போட்டியில் ஹீலியோவின் மகன் ராய்ஸ் வென்றபின் உலகம் அறிந்தது. ஆனால் மனித உடம்பு ஒன்றுதானே. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்திய காட்சியைப் பாடும் சங்கப் பாடல், அவனுடைய ஒரு கால் மல்லனின் மார்பிலும், மறு கால் மல்லன் செய்ய வந்த உபாயத்தைத் தடுத்து முதுகுப் பக்கத்திலும் இருந்ததாகக் காட்டுகிறது. மேட்டில் பழகிய எவருக்கும் அந்தக் கால்களின் வேலை உடனே விளங்கும். இதை வைத்து, பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று கிளம்பிவிட வேண்டாம் என்று உங்கள் மாணவர்களிடம் சொல்லிவைக்கவும்.

கேள்வி: நான் தெளிவாகத் தட்டியும் ஒருவர் இரண்டு முறை பிடியை விடவில்லை. "உணரவில்லை" என்கிறார். அவர் எனக்கு மூத்தவர், ஊரிலும் செல்வாக்குள்ளவர். என்ன செய்வது?
– சீர்காழி வாசகர்

முதல் முறை உணராமல் இருந்திருக்கலாம். அதற்காகத்தான் வாயாலும் சொல்லச் சொல்கிறோம். இரண்டாம் முறைக்கு விளக்கம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அந்தச் சுற்றை அங்கேயே நிறுத்தி எழுந்துவிடுங்கள். மாஸ்டரிடம், அந்த மூத்தவரும் கேட்கும்படி, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: எந்தப் பிடி, எங்கே தட்டினீர்கள், எவ்வளவு நேரம் கழித்து விட்டார். குற்றஞ்சாட்டும் சொல் எதுவும் தேவையில்லை. மாஸ்டர் என்ன முடிவெடுத்தாலும், அடுத்த முறை அவர் ஜோடி சேரக் கை நீட்டும்போது, "அண்ணே, உங்களோடு ஸ்பாரிங் வேண்டாம், நுட்பம் மட்டும் பழகலாம்" என்று சொல்வது உங்கள் உரிமை. அவருடைய வயதும் ஊர்ச் செல்வாக்கும் செருப்போடு மேட்டுக்கு வெளியே இருக்க வேண்டியவை. முழங்கையை நீட்டும்போது இன்னும் வலி இருந்தால், வீட்டில் எண்ணெய் தடவி நீவாமல், இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.